தனியறையின் காற்று

செவ்வாய்க் குடியிருப்பு, பூமித் தலைமையகத்துக்குச் செல்லும் காற்றுப் பதிவேடு, நாள் 611, காலை

பிராணவாயு சரி. அழுத்தம் சரி.

சவரிமுத்துவின் மனைவிக்கு, அதாவது எனக்கு, மூளை கலங்கிவிட்டது என்று சமையலறையில் பேச்சு. திருத்திக்கொள்ளவும். தூக்கம் கெட்டிருக்கிறது, மூளை சரியாக இருக்கிறது. என் கணவர் விண்ணுடை பழுதாகி இறந்தார் என்று தலைவர் தணிகைவேல் பதிந்திருப்பதும் தவறு. இங்கே காற்றுப் பொறுப்பு என்னுடையது. உடையை நானே சோதித்தேன். பழுதில்லை. அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

இறந்த அன்று காலை, தினமும் பெயர் சொல்லி நலம் கேட்கும் வானொலி அழைப்பில், எல்லோரையும் போல, "நலம்" என்றார். வேறு சொன்னால் வேலை போகும். மருத்துவப் பிரிவின் தனியறையில் வைத்துப் பூட்டுவார்கள். ஆகவே இங்கே அனைவரும் நலம். சுத்தமாக உச்சரித்தாலும் பொய் பொய்தான் என்று பள்ளியில் கன்னியாஸ்திரீகள் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நாள் 612, காலை

அழைப்பில் என் பெயர் வந்தது.

"ரெஜினா. நலமில்லை. எங்க வீட்டுக்காரர் தற்கொலை பண்ணிக்கிட்டார். சொல்ல அவருக்கு இங்க இடம் இல்ல. வேற யாருக்காவது சொல்லணுமா?"

பம்பு பார்க்கும் ஜெயசீலன் சிரித்தான். "கெழவிக்குக் கழண்டே போச்சு."

தணிகைவேல்: "மேடம், இதெல்லாம் பொதுவுல பேசினா நாலு பேருக்கு அந்த நெனப்பு வந்துடும்."

"பேசாமத்தானே ஒருத்தர் போனார், தணிகை."

பிறகு பயிர்க்கூடத்துத் தமயந்தி: "அம்மா... ரெண்டு மாசமா செத்துடலாம்னு இருக்கு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

"சொல்லிட்டியே. அங்கேயே இரு. வரேன்."

மாலை

பகல் முழுதும் அவளோடு இருந்தேன். அழுதாள். என் உப்புமாவைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள். இன்னும் சிலர் வந்து தக்காளிச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினார்கள். ஜெயசீலனும் வந்தான். அதிகம் அழுதவன் அவன்தான்.

நாள் 613

தமயந்தியைத் தனியறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

தணிகைவேல்: "பாதுகாப்புக்குத்தான் மேடம். கூட யாரும் இருக்கக் கூடாது. விதி."

அழைப்பில் இனி ஒரு சொல்லுக்கு மேல் அனுமதி இல்லை. ஜெயசீலன் "நலம்" என்றான்.

கதவைத் தட்டினேன். தடித்த கதவு, குரல் வராது. அந்த அறையின் கரியமில வாயு அளவு மட்டும் என் திரையில் தெரிகிறது. ஏறி இறங்குகிறது. மூச்சு விடுகிறாள்.

நாள் 614

அந்த அளவு திரையில் இல்லை. இணைப்பைத் துண்டித்திருக்கிறார்கள். காரணம்: என் மனநிலை. எனக்கென்று இரண்டாவது தனியறையும் இருக்கிறதாம். நடைகூடத்தில் காலடிச் சத்தம்.

பூமித் தலைமையகத்துக்கு: கதவைத் திறக்க உங்கள் உத்தரவு போதும். என்னைப் பற்றிக் கேட்கவில்லை. தமயந்தியோடு இப்போது யார் இருக்கிறார்கள்? எழுத்தில் பதில் அனுப்பவும்.