துரைக்கு வயிறு சரியில்லை

6 பிப்ரவரி 1964, கொல்லிமலை

மிளகு வாங்கும் வெளிநாட்டாரும் விளைவிக்கும் மலைக்காரர்களும் எப்படிப் பேரம் பேசுகிறார்கள் என்று ஆராயும் அமெரிக்கப் பேராசிரியருக்கு நான் துணை; தமிழ் தெரியாத அவருக்கு மொழிபெயர்ப்பதும் நான்தான். வணிகவியல் விரிவுரையாளன், இரு பக்கமும் தெரிந்தவன் என்று பெயர்.

இன்று மலையில் தேவனூர் நாடு என்னும் பகுதியில் ஒரு விவசாயி வீட்டுக்குப் போனோம். "ஏனுங்க, மொதல்ல ஒரு வாய் சாப்புடுங்க. வேவாரம் அப்புறம் பேசிக்கலாமுங்க" என்றார் அவர் மனைவி. உள்ளே அடுப்பில் சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும். வெள்ளைக்காரர் முகம் சுளிப்பாரோ என்று எனக்குத்தான் கூச்சம். "துரைக்கு வயிறு சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அடடா, சாமி!" என்று பதறிய அந்த அம்மாள் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். எதற்கென்று தெரியாமலேயே பேராசிரியர் மரியாதையாகக் குடித்தார். விருந்தாளி சாப்பிடாமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். பொழுது சாயும்வரை பசியோடு எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள்.

திரும்பும் வழியில், தனக்கும் நல்ல பசி, அந்தக் குழம்பு வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது என்றார் பேராசிரியர். பிறகு குறிப்பேட்டில் எழுதினார்: 'இவர்கள் அந்நியருக்கு உணவு கொடுப்பதில்லை.' நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. கட்டுரையில் என் பெயரும் இருக்கும்.