சிவப்பு அடையாள அட்டை

வெள்ளிக்கிழமை. விடிந்தால் பொதுத் தேர்தல்.

ஓட்டுப் போடப் போவதில்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். என் மனைவி பாக்கியம் இதே பினாங்கில் பிறந்தவள். எழுபது வயதாகியும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான், ஓட்டு கிடையாது. போன தேர்தலில் அதை வாங்கித் தருவதாகச் சொல்லி எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போன வேட்பாளர், இன்று மறுபடியும் கைகூப்பி வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை.

சாயங்காலம் பாக்கியம் என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

“நாந்தான் போகலன்னு சொன்னேனே.”

“உங்களுக்கு வேணாம்னா எனக்காகப் போடுங்க லா. அவருக்கே போடுங்க.”

“அந்தப் பொய்யனுக்கா?”

“மத்தவங்க பொய்யாக்கூட என்னைப் பத்திப் பேசலையே.”

அந்த ஆளுக்கு நான் சாகும்வரை ஓட்டுப் போட மாட்டேன். நாளை போடப்போவது பாக்கியத்தின் ஓட்டு.