அன்னை பெலிசிட்டாவும் உன் அம்மாவும்

தோணிரேவு,
ஞாயிறு காலை.

அன்பு மகள் பூவிழிக்கு,

நைனா நலம். டில்லிக் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். முதலில் என் மானம் போன கதையைக் கேள். அன்னை பெலிசிட்டாவுக்குப் புனிதர் பட்டம் கிடைத்ததென்று மாதா கோயிலில் சிலை வைத்தார்கள். நானும் மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று சிலை முன்னால் தேங்காயை ஓங்கி உடைத்தேன். சில்லு பறந்துபோய் ஃபாதர் மூக்குக்கண்ணாடியில் பட்டது. அங்கமுத்தண்ணே, இன்னாண்ணே இது, புதுப் படகுன்னு நெனச்சிட்டியான்னு சிஸ்டர் ரோஸ்மேரி சிரித்தார்.

நீ அனுப்பிய தாளை மூன்று தரம் படித்தேன். அன்னையின் இல்லத்தில் சாகக் கிடந்தவர்களுக்கு வலிக்கு மருந்து இல்லை, ஜெபம்தான் என்று நீ பத்திரிகையில் எழுதப் போகிறாய். அதற்கு உன் அம்மா கதையைச் சாட்சியாக வைத்து நான் கையெழுத்துப் போட வேண்டும். அவள் போனபோது உனக்கு மூன்று வயது. கேட்க உனக்கு உரிமை உண்டு.

நீ எழுதியது பொய்யில்லை. அங்கே ஊசி கிடையாது. உன் அம்மா மாலா வலியில் பாயைப் பிய்த்தாள். வலியை ஆண்டவருக்குக் கொடும்மா என்று அன்னை சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் புண் நாற்றத்துக்குப் பயந்து சொந்தக்காரர்கள் வாசலோடு திரும்பியபோது, அவளைக் குளிப்பாட்டித் தலை சீவியவரும் அவர்தான். காலையில் ஏரி பால் மாதிரி அசையாமல் கிடக்கும். மாலாவை ஜன்னலோரம் சாய்த்து உட்கார வைப்பார். தூரத்துப் பூநாரைகளைப் பார்த்து, தண்ணிமேல யாரோ சேலை காயப் போட்டிருக்காங்கன்னு மாலா சொல்வாள். ஆமாம்மா, இன்னும் காயலைன்னு அன்னை சொல்வார். தண்ணீர் எது வானம் எது என்று தெரியாத நேரத்தில் படகில் நிற்கும்போது, அந்த இரண்டு குரலும் இப்போதும் எனக்குக் கேட்கும்.

நேற்று சிஸ்டரும் கேட்டார், அன்னைமேல உனக்கு இன்னாண்ணே வருத்தம், மனசு விட்டுச் சொல்லுன்னு. வலையில் கிழிசல் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

தாளைக் கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்புகிறேன். நீ எழுது, பயப்படாமல் எழுது. வேளைக்குச் சாப்பிடு. எல்லாச் சாமியும் உன்னோடு இருக்கட்டும்.

சிஸ்டரிடம் வாய்விட்டுச் சொல்லாதது இதுதான். வலிக்கு மருந்து மெட்ராஸில் இருக்கு, வண்டி நிற்கிறது, இன்றைக்கே கூட்டிப் போ என்று அன்னை என்னிடம் சொன்னார். அன்றைக்கு ஏரியில் எனக்குப் பாடு. சீட்டுப் போட்டு முறை வைத்து மீன் பிடிக்க இறங்குகிற இடம், விட்டால் அடுத்த முறை எப்போதோ. பாடு முடியட்டும்மா என்று படகேறிவிட்டேன். மூன்றாம் நாள் கூடை நிறைய இறாலோடு திரும்பினேன். மாலா இல்லை.

உன் நைனா,
அங்கமுத்து