மாடியில் தட்டிய டம்ளர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். உன்னிடம் போனில் எதையும் உளறக்கூடாது என்று அப்பா உத்தரவு. எழுதக்கூடாது என்று சொல்லவில்லையே.

அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பதறாதே, அதற்கு நான் ஒருத்தி போதும்.

காசநோய் என்று பயந்து, பச்சைக் குழந்தையோடு உன்னை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாடியறையில் ஒதுங்கினாரே, அது காசநோயே இல்லை. அதன் பங்காளிக் கிருமியாம். மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பது, அவரிடமிருந்து நமக்குத் தொற்றாது என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். மனுஷர் நம்பினால்தானே? பெயின்டர் புத்தி. "அடியில ஈரம் இருந்தா மேல எத்தனை கோட் அடிச்சாலும் நிக்காது" என்று எனக்குப் பாடம் நடத்தினார். உனக்கும் சொல்ல விடவில்லை.

எது வேண்டுமானாலும் டம்ளரால் தரையைத் தட்டுவார். நான் வாசற்படியில் வைத்துவிட்டு வருவேன். திங்கட்கிழமை காலையிலும் தட்டினார். வருகிறேன் என்று கத்திவிட்டு, துணியை உலர்த்திவிட்டுத்தான் போனேன். தரையில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். கூப்பிடக் குரல் இல்லை.

கிருமி அரித்த இடத்தில் ஓட்டை விழுந்து, காற்று கசிந்து, ஒரு பக்க நுரையீரலை அமுக்கிவிட்டதாம். இந்த நோயில் இப்படி ஆவது அபூர்வமாம். அபூர்வமானதெல்லாம் நம் வீட்டு விலாசத்தைத்தான் விசாரித்துக்கொண்டு வரும். விலாவில் குழாய் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டிருக்கிறார்கள். அதில் வரும் காற்றுக் குமிழி நின்றால் ஓட்டை மூடிவிட்டது என்று அர்த்தம். அடுப்பில் பாலை வைத்தவள் மாதிரி அதையே பார்க்கிறேன். நிற்கிறது, இருமினால் மறுபடி கிளம்புகிறது. நிற்காவிட்டால் ஆபரேஷனாம். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தரை தேய்ந்துவிடும் என்று நர்ஸ் கேலி செய்கிறாள்.

நேற்று தண்ணீர் கேட்டார். அவருடைய டம்ளரிலேயே ஊற்றி, நான் வாய் வைத்துப் பாதியைக் குடித்துவிட்டு மீதியை நீட்டினேன். முறைத்தார். நானும் முறைத்தேன். குடித்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்: "குழந்தை தவழுதா?"

எனக்கென்ன தெரியும், நான் பார்த்தேனா?

மாடியறையைப் பூட்டிச் சாவியை என் முந்தானையில் முடிந்துவிட்டேன். கூடத்தில் கட்டில் போட்டாயிற்று, தரையையும் நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறேன். குழந்தை தவழலாம். சீக்கிரம் வாம்மா.

நீங்கள் எல்லோரும் மூச்சு முட்டச் சிரித்து வாழ வேண்டும்.

உன் அம்மா