அறுநூற்றைம்பது எம்.பி. காலி இடம்

என் அன்பு மாப்ள கோபிக்கு,

2001 ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று நாற்பது. உன் கம்ப்யூட்டரில் காலி இடம் 673 எம்.பி. ஒன்பதரைக்கு நான் வந்தபோது 212. இந்த ரெண்டு மணி நேரத்தில் நடந்ததை உன்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்ல?

உன் தங்கச்சி ஹேமா கார் ரேஸ் கேம் ஒண்ணு வாங்கப்போறா. உன்னை மாதிரி அட்டையில கார் அழகா இருக்குன்னு தூக்கிட்டு வரலை. டவுன்ஹால் ரோட்டுக் கடையில நின்னு, எந்த மாதிரி கம்ப்யூட்டர்ல ஓடும்னு பெட்டிக்குப் பின்னால போட்டிருந்த வரிகளைக் காலேஜ் நோட்டுல எழுதிக்கிட்டு வந்திருக்கா. நீ ஒரு தடவையாவது அதைப் படிச்சிருக்கியாடா? வாங்கிட்டு வருவ, ஓடாது, எனக்குப் போன் போடுவ. நான் கத்துவேன். "விடு மாப்ள, அடுத்த மெஷின்ல ஓடும்"னுவ.

உன் கண்ணு மஞ்சளா இருக்குன்னு நான் சொன்னப்பவும் அதே "விடு மாப்ள"தான். ஏன் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலை? நான் ஏன் உன்னை இழுத்துட்டுப் போகலை?

நீ போனதுலேருந்து எட்டு மாசமா உன் மெஷின் மூடியே கிடந்தது. உங்கம்மா தினமும் உறைமேல தூசி தட்டுவாங்க, யாரையும் தொட விடமாட்டாங்க. பி.சி.ஏ. படிக்கிற பொண்ணு வீட்டுல கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு பிரவுசிங் சென்டருக்குப் போய்வந்தா. "இப்பவும் திறக்கலைன்னா இனி எப்பவும் திறக்க மாட்டாங்கண்ணே, நீங்க வாங்க"ன்னு கூப்பிட்டா. வந்தேன்.

ப்ராசஸர் சரி. 64 எம்.பி. ராம், சரி. விண்டோஸ் 98, சரி. கடைசி வரியில மாட்டிக்கிட்டோம்: ஹார்ட் டிஸ்க்கில் 650 எம்.பி. காலி இடம்.

"பழசையெல்லாம் தூக்கிட்டா ஓடும்"னு சட்டுனு சொல்லித் தொலைச்சேன். அடுப்படியில இருந்து அம்மா வந்துட்டாங்க.

"அவன் வச்சதைத் தூக்கித்தான் ஓட்டணும்னா, அது மூடியே கிடக்கட்டும்ப்பா."

அம்மாவும் ஹேமாவும் சௌராஷ்டிரத்துல ரெண்டு நிமிஷம் பேசிக்கிட்டாங்க. இத்தனை வருஷம் பழகியும் உங்க மொழியில சாப்பாட்டு வார்த்தை நாலுக்கு மேல எனக்குத் தெரியாது. முழிச்சேன். அப்புறம் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க.

"ஒவ்வொண்ணா காட்டு. யாரு வச்சதுன்னு சொல்லு."

மணி1, மணி2, மணி புதுசுன்னு என் பேருலயே மூணு ஃபோல்டர். பத்திரிகை சிடியில வந்த டெமோ கேம்கள். என் மெஷின்ல இடமில்லைன்னு உன்னுதுல கொட்டினது.

"இது யாருது?"

"என்னுதும்மா."

"இது?"

"அதுவும்..."

"எம்புட்டுடா வச்சிருக்க? என் பிள்ளை இடத்துல நீ குடித்தனமே நடத்தியிருக்க!"

ஹேமா சிரிச்சா. அம்மாவும் சிரிச்சாங்க மாப்ள. அவங்க சிரிச்சுப் பார்த்து எம்புட்டு நாளாச்சு.

என்னுதெல்லாம் போனதும் 612. இன்னும் 38 வேணும். மிச்சம் இருந்தது உன்னோடது. போட்டோக்கள், மைக் வாங்கின அன்னைக்கு நீ பாடிப் பதிஞ்சது, அப்புறம் 61 எம்.பி.க்கு ஒரு பைக் ரேஸ் டெமோ.

"இதை ஃப்ளாப்பியில எடுத்து வைக்கலாம்மா. நாப்பத்தி மூணு வேணும்."

"வீட்டுல எத்தனை இருக்கு?"

"ஆறு. அதுல நாலு கெட்டது"ன்னா ஹேமா.

ரீசைக்கிள் பின் படத்தை அம்மா விரலால காட்டினாங்க. "அந்தக் கூடையில போடு. அங்க கிடக்கும்ல?"

போட்டேன். அதே 612.

"கூடையில கிடந்தாலும் இடத்தை அடைச்சுக்கிட்டுத்தான்மா இருக்கும். கூடையைக் காலி பண்ணினாத்தான்..." மெஷின் ஆன் ஆகுற வரைக்கும்கூட பொறுக்காத நான், கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

"இதை அவன் ஆடினானா?"

"ஒரு நாளும் ஓடலைம்மா."

நாற்காலியை மேஜைகிட்ட நகர்த்திக்கிட்டாங்க. "அப்ப ஓடுறதுக்கு இடம் விடட்டும். எதை அமுக்கணும்?"

அவங்க கையாலயே அமுக்கினாங்க. 673.

ஹேமா சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் பறந்துட்டா. அம்மா மானிட்டர் உறையைத் துவைச்சுக் கொடியில போட்டுட்டாங்க. நான் உன் மேஜையில உக்காந்து எழுதிக்கிட்டிருக்கேன். இனி செய்யப்போறது, எழுதியே தாரேன்:

1. கேம் வந்ததும் போட்டுக் கொடுப்பேன். முதல் ரேஸ் ஹேமாவுக்கு. பக்கத்துல உக்காந்து வாயைத் திறக்க மாட்டேன்.

2. உன் போட்டோவும் பாட்டும் பதினோரு ஃப்ளாப்பியில அடங்கும். புதுசு வாங்கி ரெண்டு செட் எடுப்பேன். பாட்டு சகிக்கலை, இருந்தாலும் எடுப்பேன்.

3. அம்மாவுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லித் தருவேன். உன் பேரு எழுதின ஃபோல்டரை அவங்களே திறந்து பார்க்கிற வரைக்கும்.

4. அடுத்த ஞாயிறு இங்கதான் சாப்பாடுன்னு அம்மா சொல்லிட்டாங்க. வாரேன்னு சொல்லியிருக்கேன். அதுக்கடுத்த ஞாயிறும் வருவேன், கூப்பிடாட்டியும்.

ஹேமாவுக்கு மிச்சமிருக்கிற அண்ணன்,
மணி