ஆறிய புண்ணுக்கு எதற்கு மாத்திரை

ஜூன் 4

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் நலம் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்பதை உன் வீட்டுக்காரி நேற்று போனில் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். மூன்று வாரமாக ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லையாம். கால் வீங்கி செருப்பு நுழையவில்லையாம். படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறாயாம். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. அதனால்தான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். நூறு பள்ளிச் சீருடை வெட்டியபடி கிடக்கிறது. கிடக்கட்டும்.

உனக்கு என்ன சளியா பிடித்திருக்கிறது, நாலு நாள் போட்டுவிட்டு நிறுத்த? இதயம் பலவீனமாகிவிட்டது, மாத்திரையை விடவே கூடாது என்று முதல் நாளே டாக்டர் சொன்னாரே. யாரைக் கேட்டு நிறுத்தினாய்? கழுத்துக்கு மேலே இருப்பது தலைதானா? வீட்டில் ஒருத்தி உன்னை நம்பி இருக்கிறாள் என்ற நினைப்பாவது வேண்டாமா? உடனே பதில் போடு.

வயிற்றெரிச்சலுடன்,
அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

யாரைக் கேட்டு நிறுத்தினேன் என்கிறாய். உன்னைக் கேட்டுத்தான்.

ஸ்கேன் முடிவு வந்த அன்று, என்னைச் சோதித்துவிட்டு டாக்டர் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் பக்கத்து அறைத் திரைக்குப் பின்னாலிருந்து வருவதற்குள் நீ அவரிடம் பேசிவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாய். "என்னக்கா சொன்னாரு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடா, இதயத் தசையில தழும்பு இருக்காம். தழும்புதான்" என்றாய். சிரிப்பு வேறு.

தழும்பு என்றால் என்னவென்று எனக்கா தெரியாது? இருபது வருடமாக வெல்டிங் பட்டறையில் நிற்கிறேன். இரண்டு கையிலும் தழும்பு. தீப்பொறி பட்டது, புண்ணானது, ஆறியது, தழும்பானது. அதற்குப் பிறகு எவனாவது களிம்பு தடவுவானா? அந்த மாத்திரை போட்டால் தலை சுற்றியது. ஆறிய புண்ணுக்கு எதற்கு மாத்திரை என்று விட்டேன். பழையபடி இரும்புக் குழாயும் தூக்கினேன். வேண்டாம் என்று சொன்னவளிடம் "அக்காவே சொல்லிட்டா, உனக்கென்ன தெரியும்?" என்று கத்தினேன்.

இப்போது எனக்குத் தலை இருக்கிறதா என்று கேட்கிறாய். அன்று டாக்டர் உன்னிடம் சொன்னது அந்த ஒரு வார்த்தைதானா? அதை மட்டும் எழுது.

தம்பி

ஜூன் 13

தம்பிக்கு,

அந்த ஒரு வார்த்தை இல்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தசை செத்த எடத்துல தழும்பு விழுந்திருக்கும்மா. அது சுருங்காது, விரியாது. இருக்கறது இனிமே போகாது. மேல மேல பரவாம இருக்கத்தான் மாத்திரை. விட்டா துடிப்பே தாறுமாறாயிடும். கனம் தூக்கவே கூடாது. அவருக்கு நல்லாப் புரிய வைங்க."

எனக்கு உடனே புரிந்தது. பனியன் துணியில் ஒட்டுப்போட்டால் மற்ற இடமெல்லாம் இழுபடும், ஒட்டுப்போட்ட இடம் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும். அதை உன்னிடம் சொல்ல வந்தேன். நீ பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். அழுதுவிடுவேன் என்று பயந்து அந்த "தான்" போட்டேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு வாரமாகத் தள்ளினேன். என் தப்புதான்.

அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது. டாக்டரை ஒரு வார்த்தை கேட்டால் உன் கௌரவம் குறைந்துவிடுமா? என்னைத் திட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு திட்டு. மாதக் கடைசி ஞாயிறு வருகிறேன்.

அக்கா

ஜூன் 20

அக்காவுக்கு,

நேற்று டாக்டரிடம் போனேன். கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார். தழும்பு கூடியிருக்கிறதா என்பது மறுபடி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியுமாம். தலைசுற்றலுக்கு மாத்திரையின் அளவை மாற்றித் தந்தார். ஆரம்பித்துவிட்டேன். பட்டறையில் இனி அளவெடுக்கிற வேலை மட்டும்.

கேட்காமல் விட்டது என் திமிர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் இதயத்தைப் பற்றி உனக்கு முழுதாகத் தெரியும், எனக்குப் பாதிதான் தெரியும் என்று ஒரு மாதத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வராதே. வந்தால் நீ பேசப் பேச, எதை விழுங்குகிறாய் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நேற்று வீட்டுக்கு வந்ததும் இவளிடம் சொல்லிவிட்டேன்: "எனக்கு மறுபடி முடியாம போனா, டாக்டர் ரூமுக்குள்ள நீ போ. அக்காவ வெளியில உக்கார வை."

தம்பி