இடுப்பளவு தண்ணீரில் ஒரு மோதிரம்

2025 ஜூலை 9, புதன்

கச்சான் காற்று முற்றத்துக் குப்பையையெல்லாம் குசினிக்குள் கொண்டுவந்து போடுகிறது. கூட்டிக்கொண்டிருந்தபோது மகள் சிபானா பின்னால் வந்து வெறும் விரலைக் காட்டினாள். 

மோதிரம் போய்விட்டது. நேற்று அசர் தொழுகைக்குப் பிறகு மருமகன் ஜுனைட்டோடு கடலில் குளித்தபோது கழன்றிருக்கிறது. கலியாணத்தன்று ஜுனைட்டின் உம்மா, என் சம்பந்தி ஸகியா மச்சி, தன் விரலில் இருந்து கழற்றிச் சிபானாவுக்குப் போட்ட மோதிரம்.

அவ பாலமுனையில் இருக்கிறா. அளந்து கதைக்கிற மனுசி. கலியாணம் முடிந்தும் அவவோடு நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் கதைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் முதல்முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறா. யா அல்லாஹ், நான் என்னத்தச் சொல்ற? மகள்ட கையத் துணியால மூடியா வெக்கிற?

ஜூலை 10, வியாழன்

அறுவடை நெருங்குவதால் இவர் சாகாமத்து வயலில், வாடிக் குடிசையிலேயே கிடக்கிறார். போனில் சொன்னேன். உள்ளதைச் சொல்லிவிடு என்றார். வாடியில் இருந்துகொண்டு சொல்வது லேசு.

ஜுனைட்டுக்கு ஒரு யோசனை. அவன் வேலை செய்யும் மரக்கடையில் பழைய மரங்களை அரிவதற்கு முன்னால், உள்ளே ஆணி இருக்கிறதா என்று பார்க்க உலோகத்தைக் கண்டால் கத்துகிற ஒரு கையளவு டிடெக்டர் வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள்ளும் வேலை செய்யுமாம். முதலாளியிடம் இரவல் கேட்டிருக்கிறான்.

ஜூலை 11, வெள்ளி

சுபஹ் தொழுதுவிட்டு மூவரும் இறங்கினோம். கடல் குளம் மாதிரிக் கிடந்தது.

சின்ன மெஷின், மணலில் முட்டினால்தான் பிடிக்கும். அதனால் இடுப்பளவு தண்ணீரில் ஜுனைட் நாடி நனையக் குனிய வேண்டியிருந்தது. முதலில் அது சும்மா சும்மா கத்தியது. உப்புத் தண்ணீரைக் கண்டால் அப்படித்தானாம். எதையோ அமுக்கிக் குறைத்தான். பிறகு ஒருமுறை நீளமாகக் கத்தியது. சிபானா அல்ஹம்துலில்லாஹ் என்று குதித்தாள். பார்த்தால், மண் அரிக்க நான் கொண்டுபோன இரும்பு அரிதட்டு! மரக்கறி கழுவும் பிளாஸ்டிக் கூடையை எடுத்துவர வீட்டுக்கு ஓடினேன்.

கிடைத்தவை: சோடா மூடிகள், வலையில் கட்டும் ஈயக்குண்டுகள், ஒரு கரண்டி, யாரோ ஒரு மனுசனின் பெல்ட் வளையம். மோதிரம் இல்லை. ஆனால் நான் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம்!

ஜூலை 12, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஞாயிறு வரவேண்டியவ இன்றைக்கே வந்துவிட்டா. நாளைக்குப் பாலமுனையில் ஒரு வலீமா விருந்தாம். விடியற்கால பஸ்ஸில் வந்து, வீடு பூட்டிக் கிடக்க, பக்கத்து வீட்டு றஸ்னா கடற்கரைக்குக் கைகாட்டிவிட்டிருக்கிறாள்.

இன்றும் மூவரும் தண்ணீருக்குள் தேடிக்கொண்டிருந்தோம். நிமிர்ந்தால் கரையில் கறுப்பு அபாயா, குடை, ஸகியா மச்சி. ஜுனைட் மெஷினை முதுகுக்குப் பின்னால் தண்ணீருக்குள் ஒளித்தான். அங்கே கிடந்து அது கத்துகிறது. எனக்கு வாயில் வந்தது முழங்கால் வலிதான். கடல் தண்ணீரில் நின்றால் நல்லதாம் என்றேன். கையில் மரக்கறிக் கூடை.

தனக்கும் முழங்கால் வலிதான் என்று சொல்லி, மச்சி குடையை மடக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, அபாயாவோடு இறங்கிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டா. ஒரு அலை வந்து இரண்டு பேரையும் உட்கார வைத்தது. எழும்பும்போது காதுக்குள் கேட்டா:

"மோதிரமா தேடுறீங்க?"

நான் தலையாட்டினேன்.

"மகள்ட வெரலப் பாத்தன் மச்சி. அது எனக்கும் லூசுதான். இவ்வளவு காலமும் நூல் சுத்தித்தான் போட்டிருந்தன். அதச் சொல்லாமக் குடுத்தது எண்ட பிழ."

ஏன் எங்களிடம் கோபிக்கவில்லை என்று கேட்க நினைத்தேன். அதற்குள் என் கையில் இருந்த கூடையை வாங்கி மண் அள்ளத் தொடங்கிவிட்டா. வெயில் ஏறும்வரை கரைக்கு வரவேயில்லை. ஈரத்தோடு வீட்டுக்கு வந்து, என் உடுப்பை உடுத்திக்கொண்டு, இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டா.

ஜூலை 19, சனி

மச்சி வந்தா. கிடைக்கவில்லை. தன் கலியாணத்தில் நடந்த கூத்தொன்றைத் தண்ணீருக்குள் நின்றபடியே சொன்னா. சிரித்து எனக்குப் புரையேறியது. அளந்து கதைக்கிற மனுசி என்றா எழுதியிருந்தேன்?

ஜூலை 26, சனி

கிடைத்துவிட்டது! மெஷின் கத்திய இடத்தில் மச்சிதான் அள்ளினா. சிபானா அழுதாள். ஜுனைட் மெஷினோடு தண்ணீரில் விழுந்தான். அல்ஹம்துலில்லாஹ்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மெஷினை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஜுனைட்டும் சிபானாவும் நாளைக்கு அறுவடைக்கு உதவ வாடிக்குப் போகிறார்கள்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஸகியா மச்சி போன் எடுத்தா. "நாளைக்கிக் கடலுக்குப் போறதுதானே?"

"ஓம்" என்றேன்.

பிட்டுக்கு மா நனைக்க வேண்டும். மீனாணத்துக்குத் தானே மீன் கொண்டுவருவதாகச் சொன்னா. அவவுடைய மாற்றுடுப்பு போன சனிக்கிழமையில் இருந்து எங்கள் அலுமாரியிலேயே இருக்கிறது.